மணி அடிக்கும் முன்னே

(திண்ணனூர் நாட்டில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

    

இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சங்கத்தை நடத்துவது எளிய செயலன்று. மழையும் பனியும் ஏற்றமும் இறக்கமும் நிறைந்த இக்கொல்லிமலையில், கூலி வேலை முடித்து வந்த களைப்போடு மாலையில் கூடி, சந்தாவென்று சிறு தொகை சேர்த்து, அதனைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அருஞ்செயல். அப்பெரியோர்களை முதற்கண் வணங்குகிறோம்.

விழாக் குழுவினர் நமக்கு அளித்துள்ள பொருள் ‘கல்லூரி மாணவனின் அன்றாட வாழ்வு’ என்பது. உதவித்தொகை பற்றியும் போட்டித் தேர்வுகள் பற்றியும் வேலைவாய்ப்புப் பற்றியும் பேசுதற்கு அறிஞர் பலர் உளர். நமக்கோ, மாணவன் எதனை விரும்புகிறான், யாரோடு பழகுகிறான், வகுப்பில்லாத வேளையில் எங்கே அமர்கிறான், தனித்திருக்கையில் எதனை எண்ணுகிறான் என்பதைப் பேசும் பணி வாய்த்திருக்கிறது. இதெல்லாம் மேடையில் பேசத்தக்க பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை முதலில் பேச வேண்டிய பொருளே இதுதான் என்பது நம் துணிபு.

காரணம் உண்டு. வகுப்பறையில் மாணவன் பெற்றது என்ன என்பதை மதிப்பெண் பட்டியல் காட்டிவிடும். ஒரு மணிக்கும் மறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவன் பெற்றதையும் இழந்ததையும் எந்தப் பட்டியலும் காட்டாது. நம் முன்னோர்க்கு வகுப்பறைக் கதவு திறந்த பின்னரும் நெடுங்காலம் திறவாமல் இருந்தது அந்த இடைநேரத்தின் கதவே. இதனை ஒருவர் வரலாற்றைக் கொண்டு விளக்க விழைகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் கோயம்புத்தூரில் கலாசாலையில் பயின்றார். தம் முதுமையில், 1939ஆம் ஆண்டு, ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற பெயரில் தம் வாழ்க்கையை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அதில் தம் மாணவப் பருவத்தைப் பற்றிச் சில வரிகளே எழுதியுள்ளார். அச்சில வரிகள் நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை.

அக்கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் அனைவரும் பிராமணர்கள். சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். உடன் பயிலும் பிள்ளைகளோடு நட்புக் கொண்டால், அவர்கள் தம் சாதியையும் குடும்பத்தையும் வீட்டையும் அறிந்துகொண்டு தம்மைத் தாழ்வாக நடத்துவார்களோ என்று அவர் அஞ்சினார். ஆகவே காலையில் கலாசாலைக்கு வெளியே எங்கேயாவது புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். தொடக்க மணி அடித்த பிறகே வகுப்பிற்குள் செல்வார். வகுப்புக் கலைந்ததும் வேறு மாணவர் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீட்டிற்கு நடப்பார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்குவார். இவ்விடரை எவ்வாறு வெல்வது என்று எண்ணி எண்ணிப் பார்ப்பார்.

செல்வங்களே! இதனை ஊன்றிக் கவனியுங்கள். கலாசாலை அவரைச் சேர்த்துக்கொண்டது. வகுப்பில் இடமிருந்தது. ஆசிரியர் நடத்திய பாடம் அவர் காதிலும் விழுந்தது. ஆயினும் அவர் ஒரு மாணவராக வாழவில்லை. மரத்தடியில் நின்று பேசியதில்லை. ஒருவன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்ததில்லை. பந்தாடியதில்லை. ஏனைய பிள்ளைகள் பொருட்டாகவே கருதாத சின்னஞ்சிறு இன்பங்கள் அவருக்கு எட்டாக் கனிகளாயின. மணி அடித்த பின் நுழைவதும், மணி அடித்தவுடன் ஓடுவதுமே அவர் கண்ட கலாசாலை வாழ்க்கை.

அந்த இளைஞரின் தனிமைச் சிந்தனை வீண் போகவில்லை. 1891இல் அவர் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். தம் இருப்பிடம் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி விரைந்து நடந்தவர், 1893இல் தம் சாதிப் பெயரையே தலைப்பாகச் சூட்டிப் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். இடையில் 1924ஆம் ஆண்டு, சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கவும், பொதுக் கிணற்றையும் பொதுவிடங்களையும் பயன்படுத்தவும் ஒடுக்கப்பட்டோர் உள்ளிட்ட அனைவர்க்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம். கலாசாலைக்கு வெளியே ஒதுங்கி நின்ற மாணவரே, எவரும் எங்கும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதைச் சட்டமன்றத்தின் வாயால் சொல்ல வைத்தார்.

இனி அண்ணல் அம்பேத்கரின் மாணவ வாழ்வுக்கு வருவோம். அவர் பெற்ற பட்டங்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் டி.எஸ்சி.யும் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். இவையெல்லாம் மதிப்பெண் பட்டியலில் அடங்கும். பட்டியலில் அடங்காத இரண்டினை மட்டும் இங்கே கூறுவோம்.

ஒன்று, நட்பு. கொலம்பியாவில் லிவிங்ஸ்டன் மண்டபம் என்னும் விடுதியில் அவர் தங்கியிருந்தபோது, நவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு நண்பரானார். ஒரே விடுதியில் உண்டு உறங்கி ஏற்பட்ட நட்பு அது. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அம்பேத்கரின் இலண்டன் படிப்பு 1917இல் பாதியில் நின்றது. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, 1920இல் அவர் மீண்டும் இலண்டன் புறப்பட்டார். சேமிப்புப் போதவில்லை. கோலாப்பூர் சாகு மகாராசா உதவினார். நண்பர் பத்தேனா ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். அக்காலத்து ஐயாயிரம் ரூபாய் எத்துணைப் பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடுதி அறையில் விளைந்த நட்பு, டாக்டர் பட்டத்திற்குத் துணை நின்றது. தம் வாழ்வில் தமக்கு வாய்த்த மிகச் சிறந்த நண்பர்கள் கொலம்பியாவில் உடன் பயின்றோர் சிலரும் தமக்குக் கற்பித்த பேராசிரியர்களுமே என்று 1930இல் அண்ணல் எழுதினார்.

மற்றொன்று, விருப்பம். அம்பேத்கருக்குப் புத்தகங்கள் மீது தீராத ஆசை. நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் உணவுச் செலவைக் குறைத்து, ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களை வாங்கிச் சேர்த்தார். அவர் 1917இல் தாயகம் திரும்பும்போது, நூல்களை ஏற்றி வந்த கப்பலை முதல் உலகப் போரில் எதிரிகள் தாக்கி மூழ்கடித்தனர். நூல்கள் கடலுக்குள் போயின. ஆயினும் அந்த ஆசை மூழ்கவில்லை. பின்னாளில் தாதரில் ‘இராஜகிருகம்’ என்று அவர் கட்டிய இல்லத்தில் நூல்களுக்கென்றே பேரிடம் ஒதுக்கினார். மாணவப் பருவத்தில் ஒருவனைப் பற்றிக்கொள்ளும் நல்ல விருப்பம், அவன் இறுதி மூச்சு வரை உடன் வரும் சொத்தாகும்.

அதே அம்பேத்கர், பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் 1918இல் பேராசிரியரானபோது, ஆசிரியர் அறையில் இருந்த பொதுக் குடத்தில் நீர் அருந்துவதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். வகுப்பில் நின்று பொருளாதாரம் கற்பிக்கலாமாம். இடைவேளையில் அக்குடத்து நீரைப் பருகக் கூடாதாம். வகுப்பறையைத் திறந்துவிட்டு இடைவேளையைப் பூட்டி வைக்கும் வழக்கத்தை இங்கும் காண்கிறோம்.

இவ்வழக்கம் ஒழிந்துவிட்டதா? 2015ஆம் ஆண்டு ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நம் சமுதாய ஆராய்ச்சி மாணவர் ஐவர் தண்டிக்கப்பட்டனர். எவ்வாறு? வகுப்பிற்கும் ஆராய்ச்சிக்கும் வரலாம். விடுதியில் தங்கக் கூடாது, நிர்வாகக் கட்டடத்திற்குள் செல்லக் கூடாது, பொதுவிடங்களில் கூட்டமாக நடமாடக் கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக் கூடாது. அவர்கள் திறந்த வெளியில் கூடாரம் அமைத்து உறங்கினார்கள். அவர்களுள் ஒருவராகிய ரோகித் வெமுலா 2016 சனவரி 17ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விண்மீன்களையும் அறிவியலையும் இயற்கையையும் நேசித்த இளைஞர் அவர். அறிவியல் எழுத்தாளராக வேண்டுமென்று கனவு கண்டவர். அவர் வாழ்ந்திருக்க வேண்டும். அவர் எழுத விரும்பிய நூல்களை நம் பிள்ளைகள் படித்திருக்க வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம்.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய நம் திண்ணனூர் நாட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை, முதலில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி இறங்க வேண்டும். இம்மலையில் பழங்குடி மக்களாகிய மலையாளிச் சகோதரர்களே மிகப் பெரும்பான்மையோர். நாம் சிறு தொகையினர். மேலே இருக்கும்போது அவர்கள் வேறு, நாம் வேறு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பேருந்து சமவெளியைத் தொட்டவுடன் இருவருமே ‘மலைக்காரர்’ ஆகிவிடுகிறோம். இருவர் பேச்சையும் கேட்டுச் சிரிப்போர் உண்டு. இருவர் சான்றிதழையும் உற்று நோக்குவோர் உண்டு. ஆகவே கல்லூரியில் நீங்கள் தேடிக்கொள்ள வேண்டிய முதல் நண்பன், உங்களோடு அதே பேருந்தில் இறங்கிய மலையாளி வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.

நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றான். கீழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்தது. சங்கமே கட்டணம் கட்டியது. மூன்றாவது வாரத்தில் அவன் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். கட்டணத் தொல்லையா என்றோம், இல்லை என்றான். பாடம் கடினமா என்றோம், இல்லை என்றான். நெடுநேரம் கழித்து, “பேச ஆளில்லைங்க ஐயா” என்று மட்டும் சொன்னான். அந்த நான்கு சொற்களுக்கு நம்மிடம் மருந்து இல்லை. அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். உழைத்து நேர்மையாக வாழ்கிறான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவன் படித்திருப்பான். அவனைத் தடுத்தது பணமும் அன்று, பாடமும் அன்று. சாப்பாட்டு வேளையில் யார் அருகில் அமர்வது என்று அவனுக்குத் தெரியாமல் போனதே தடையாயிற்று.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். “கல்லூரிக்குப் போகிறேன் என்கிறான், எந்நேரமும் தேநீர்க் கடையும் கூட்டாளிகளும் கைப்பேசியுந்தான்” என்று பிள்ளைகளைக் குறை கூறுகிறீர்கள். அக்குறை முழுவதும் தவறென்று சொல்ல மாட்டோம். ஆயினும் சற்றுச் சிந்தியுங்கள். உங்கள் மகன் தேநீர்க் கடையில் நால்வரோடு நின்று அரசியலும் திரைப்படமும் கிரிக்கெட்டும் பேசுகிறான் என்றால், இரட்டைமலை சீனிவாசனுக்குக் கிட்டாத ஒன்று அவனுக்குக் கிட்டியிருக்கிறது என்று பொருள். உங்கள் மகள் விடுதித் தோழியோடு நாமக்கல் கடைவீதிக்குச் சென்று வளையல் வாங்கி வருகிறாள் என்றால், அவள் பாட்டி எண்ணியும் பாராத ஓர் உரிமையோடு நடந்து வருகிறாள் என்று பொருள். பாட்டுக் கேட்பதும், தலைமுடியைப் புது விதமாக வெட்டிக்கொள்வதும், நல்ல சட்டை அணிய விரும்புவதும் குற்றங்கள் அல்ல. நல்ல உடை உடுத்துவதற்கும் நம் மக்கள் அடி வாங்கிய நாடு இது. பிள்ளை நன்றாக உடுத்தித் தலை நிமிர்ந்து நடப்பதைக் கண்டு முதலில் மகிழுங்கள். பிறகு செலவுக் கணக்குக் கேளுங்கள்.

மாணவர்களே! பெற்றோரிடம் உங்களுக்காக வாதாடினோம். இனி உங்களிடம் சில கேட்க நமக்கு உரிமை உண்டு.

பல அரசுக் கல்லூரிகளில் வகுப்புகள் இரண்டு சுழற்சிகளாக நடைபெறுகின்றன. காலைச் சுழற்சியில் படிப்பவனுக்குப் பிற்பகல் முழுவதும் ஓய்வு. மாலைச் சுழற்சியில் படிப்பவனுக்கு முற்பகல் ஓய்வு. ஆக நாளில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. சிலர் அந்நேரத்தில் கோழிப் பண்ணையிலோ, லாரிப் பட்டறையிலோ, துணிக் கடையிலோ வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்கள். உங்களை வணங்குகிறோம். வேலைக்குச் செல்லத் தேவையில்லாத மாணவன் அப்பாதி நாளை என்ன செய்கிறான் என்பதே நம் கேள்வி.

கைப்பேசியை வெறுப்பவர் அல்லோம். நூலகம் இல்லாத ஊரில் அது நூலகம். அகராதி இல்லாத வீட்டில் அது அகராதி. ஆனால் அதன் திரையில் விரலை மேலே தள்ளிக்கொண்டே போனால் முடிவே வராது. கொல்லிமலை வளைவுகளாவது எழுபதோடு நின்றுவிடுகின்றன. அத்திரைக்கு அந்த நாணயமும் இல்லை. கல்லூரி நூல்நிலையமும் மாவட்ட மைய நூலகமும் மாலைப் பொழுதில் யாரை எதிர்பார்த்துத் திறந்து கிடக்கின்றன? நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அங்கே சென்று அமருங்கள். பாட நூலே படிக்க வேண்டுமென்பதில்லை. கதை படியுங்கள், விளையாட்டுச் செய்தி படியுங்கள், விண்மீன்களைப் பற்றிப் படியுங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்கே இந்த மூன்றாண்டுகள் தரப்பட்டுள்ளன. தனக்கு எது பிடிக்கும் என்றே தெரியாமல் பட்டம் பெற்று வருபவன், பிறர் காட்டிய வேலையில் பிறர் சொன்னபடி வாழ்ந்து முடிப்பான்.

விளையாட்டுத் திடலை விட்டுவிடாதீர்கள். மலையேறிப் பழகிய கால்கள் உங்களுடையவை. ஓட்டத்திலும் கபடியிலும் உங்களுக்கு இயற்கையே பாதிப் பயிற்சி தந்திருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் பெயர் கொடுங்கள். பேச்சுப் போட்டி என்றால் மேடை ஏறுங்கள். முதல் முறை நா குழறினாலும் குற்றமில்லை. ‘மலைப் பேச்சு’ என்று சிரித்தால், இது வல்வில் ஓரி ஆண்ட மலையின் பேச்சு என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

எழுதுங்கள். நீங்கள் தனித்திருக்கையில் எண்ணுவதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். விடுதியில் முதல் வாரம் உறக்கம் வராமல் கிடந்தது, சமவெளியின் புழுக்கத்தில் நம் மலைக் குளிரை நினைத்தது, வீட்டுச் சாமைச் சோற்றுக்கு ஏங்கியது, யாரோ ஒருவர் உங்கள் ஊரையும் தெருவையும் திரும்பத் திரும்பக் கேட்டது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இது வீண் வேலை என்று எண்ணற்க. அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாதில் பின்னாளில் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரியையும் தொடங்கினார். அந்த மிலிந்த் கல்லூரியில் மாணவர்கள் நாடகம் நடித்தார்கள், கவிதை எழுதினார்கள், இதழ் நடத்தினார்கள். அங்குக் கற்பித்த கங்காதர் பன்தாவணே ஆசிரியராக இருந்து நடத்திய ‘அஸ்மிதாதர்ஷ்’ என்னும் இதழ், மராத்தியத் தலித் இலக்கியத்திற்குத் தொட்டிலாயிற்று. இன்று உலகமே படிக்கின்ற ஓர் இலக்கியத்திற்குக் கல்லூரி வளாகமும் ஒரு விளைநிலமாக இருந்தது. அதனை விளைவித்தோருள் பலர் உங்களைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளே.

அடுத்து ஓர் எச்சரிக்கை. கல்லூரியில் நட்புக் கொள்ளுங்கள் என்றோம். கும்பல் சேருங்கள் என்று சொல்லவில்லை. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு திரியும் கேட்டினை நம் மாநிலம் கண்டிருக்கிறது. பள்ளிகளில் அத்தகைய கயிறும் அடையாளமும் கூடாதென்று நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரை செய்தது. எவன் எந்தக் கயிறு கட்டினாலும், நம் பிள்ளைகள் கையில் புத்தகம் இருந்தால் போதும். நம்மைப் பிறப்பால் பிரித்தவர்களின் பழக்கத்தை நாமும் கைக்கொண்டால், அண்ணல் படத்திற்கு மாலை போட நமக்கு அருகதை இராது. எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளோடும் பழகுங்கள். உங்களை மதிப்பவனை மதியுங்கள். மதியாதவனுக்காக உங்கள் நடையின் வேகத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

எவரேனும் உங்களை இழிவாகப் பேசினாலோ, விடுதியிலோ உணவறையிலோ ஒதுக்கினாலோ, அதனை உள்ளுக்குள் புதைத்து வைக்காதீர்கள். அன்றே எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நம் சங்கத்திற்குச் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் பரவாயில்லை, பேசுங்கள். உயிரை விடப் பெரிய பட்டம் எதுவுமில்லை. படிப்பைப் பாதியில் விட்டு வந்தாலும் வாசற்கதவைத் திறக்கும் பெற்றோர் உங்களுக்கு இருக்கிறார்கள். துயரத்தைத் தனியே சுமக்கும் துணிச்சலை நாம் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

சங்கத்தாருக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். உதவித்தொகை வேண்டும் என்று போராடிய காலத்தை ஓரளவு கடந்துவிட்டோம். அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1944இல் பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்றது. சீனிவாசன் அஞ்சி அஞ்சி நடந்த அதே கோயம்புத்தூர்! இவை போதுமானவை என்று சொல்லவில்லை. ஆனால் அரசு பணம் தரலாம். துணை தர இயலாது. துணை தருவது சங்கத்தின் கடமை.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் நான்கு செயல்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுதோறும் புதிதாகக் கல்லூரி செல்லும் ஒவ்வொரு பிள்ளையோடும், முன்பே அவ்வூரில் படிக்கும் ஒருவர் முதல் வாரம் உடனிருக்க வேண்டும். எந்தப் பேருந்து, எந்த அலுவலகம், எந்த உணவகம் மலிவு, நூலக அட்டை எங்கே பெறுவது என்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். கல்லூரி திறக்கும் வேளை நம் பலாப்பழக் காலத்தை ஒட்டி வருகிறது. ஒரு பழத்தை விடுதிக்கு எடுத்துச் சென்று அறுத்து வைத்தால், நண்பர்கள் தாமே சூழ்ந்துகொள்வார்கள்.

இரண்டாவது, சங்கத்தின் ஒருவர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாணவரோடும் பேச வேண்டும். மதிப்பெண்ணைக் கடைசியில் கேட்கட்டும். யாரோடு சாப்பிடுகிறாய், என்ன படித்தாய், என்ன விளையாடினாய் என்று முதலில் கேட்கட்டும்.

மூன்றாவது, சங்க நிதியிலிருந்து நூலுக்கும் விளையாட்டுக் காலணிக்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். கட்டணச் சீட்டு இல்லாத செலவு என்பதற்காக அது வீண் செலவாகிவிடாது.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களே எழுதித் தொகுக்கும் இதழ் ஒன்றைச் சங்கம் அச்சிட வேண்டும். கையெழுத்து இதழாகத் தொடங்கினாலும் தாழ்வில்லை. ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவிற்கு நீங்கள் அனைவரும் ஊர் திரும்புகிறீர்கள். அப்போது அவ்விதழ் உங்கள் வீட்டுத் திண்ணையில் வாசிக்கப்பெற வேண்டும். எழுத்தறியாத பாட்டிக்கு அவள் பேத்தி எழுதியதை அவள் பேத்தியே படித்துக் காட்ட வேண்டும்.

அன்புத் தம்பிகளே! தங்கைகளே! ஆனி மாதத்தில் கல்லூரி திறக்கும். அன்று காலை, மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே வாயிலைக் கடந்து உள்ளே செல்லுங்கள். மரநிழலில் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் உங்கள் பெயரையும் ஊரையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். கொல்லிமலை, திண்ணனூர் நாடு என்று உரக்கச் சொல்லுங்கள். மாலையில் மணி அடித்த பிறகும் சற்று நேரம் அங்கே இருங்கள். பேருந்துக்கு நேரமிருந்தால் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வாருங்கள். அந்த வளாகத்தின் ஒவ்வோர் அடி நிலமும் உங்களுக்கும் உரியது.